கோரானா, லியூபிசிச்சா?

இருவரும் குரோஷிய டென்னிஸ் வீரர்கள், இருவருக்கும் சர்வீஸ்தான் ஆயுதம். கோரான் இவானிசெவிச் தரவரிசையில் 2 வரை ஏறினார்; இவான் லியூபிசிச் 3 வரை. 2005இல் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையைக் குரோஷியா வென்றதில் பெரும்பங்கு லியூபிசிச்சுக்குத்தான். மறு ஆண்டு நம்ம சென்னையிலும் பட்டம் வாங்கிப் போனார். பிறகு ஃபெடரருக்குப் பயிற்சியாளர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் டென்னிஸ் பேச்சு எழுந்தால் முதலில் வருவது கோரான் பெயர்தான். 1992, 1994, 1998 என மூன்று விம்பிள்டன் இறுதிகளில் தோற்றவர். 2000இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த போட்டியில் கையிலிருந்த மட்டைகளை எல்லாம் உடைத்துவிட்டு, ஆட மட்டையில்லாமல் பாதியில் வெளியேறினார்! அடுத்த ஆண்டு, தரவரிசையில் 125. வைல்டு கார்டு (தரவரிசை போதாதவருக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) தயவில்தான் விம்பிள்டனுக்குள் நுழைந்தார். தினமும் காலையில் டெலிடப்பீஸ் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவாராம், அப்படி ஒரு சென்டிமென்ட். மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன இறுதியில் ஆஸ்திரேலியாவின் ராஃப்டருக்கு எதிராக ஐந்தாவது செட் 9-7. வெற்றிப் புள்ளிக்கு அருகில் வந்து டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வீஸும் தவறி புள்ளி போவது) போடுகிறார், வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார், மறுபடி டபுள் ஃபால்ட். நான்காவது வாய்ப்பில்தான் வென்று முடித்தார்.

அவரது சொந்த ஊரான ஸ்பிளிட்டின் துறைமுகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மறைந்த கூடைப்பந்து வீரர் டிராசன் பெட்ரோவிச்சின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கோப்பையோடு நின்றார் கோரான்.

லியூபிசிச்சின் ஆட்டத்தை மதிக்கிறேன். ஆனால் யூடியூபில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்தத் திங்கட்கிழமையைத்தான்.