கனடா பிஆர் போர்ட்டல்: துணையையும் அவருடைய பிள்ளையையும் கூப்பிடுகிறவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கிற துணையை, அவருடைய முன்னைய திருமணத்துப் பிள்ளையோடு சேர்த்துக் கனடாவுக்குக் கூப்பிடுகிறவர்கள் இன்று போகவேண்டிய இடம் குடிவரவுத் திணைக்களத்தின் பிஆர் (நிரந்தர வதிவிட) போர்ட்டல் என்ற இணையத்தளம். 2022 செப்டெம்பர் 23ஆம் திகதிக்குப் பிறகு குடும்ப ஸ்பொன்சர் விண்ணப்பங்களை ஒன்லைனில்தான் போடவேண்டும். உடற்குறை போன்ற காரணத்தால் வேறு வடிவம் கேட்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆங்கிலப் படிவம் வாசித்துப் பழகிய ஒருவர், மூன்று நான்கு வார இறுதிகள் பொறுமையாக இருந்தால், யாருக்கும் காசு கொடுக்காமல் செய்து முடிக்கலாம். போர்ட்டலுக்கு 5க்கு மூன்றரை புள்ளி கொடுக்கிறோம். குறைத்த ஒன்றரையும் பிள்ளையின் பகுதிக்காகத்தான். துணைக்கு என்ன வேண்டும் என்பதைப் போர்ட்டல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவிடும். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லவேண்டும். கனடாவில் துணைக்கும் பிள்ளைக்கும் ஒரே விண்ணப்பம். பிள்ளை உங்கள் பிள்ளையாகப் போவதில்லை. பிரதான விண்ணப்பதாரரான உங்கள் துணையில் தங்கியிருக்கும் பிள்ளையாகப் போகிறது. ஆகவே தத்தெடுக்கத் தேவையில்லை, தனி ஸ்பொன்சரும் தேவையில்லை. அமெரிக்கக் குடிமகன் ஒருவர் இதே வேலையைச் செய்தால் மனைவிக்கு ஒரு ஐ-130 மனு, பிள்ளைக்கு இன்னொரு ஐ-130 என்று தனித்தனியாகப் போடவேண்டும்; அங்கே பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் திருமணம் நடந்திருக்கவும் வேண்டும். கனடா அப்படிக் கேட்பதில்லை. பிள்ளை 22 வயதுக்குக் கீழ், மணமாகாமல், யாரோடும் குடும்பமாக வாழாமல் இருந்தால் போதும்.

கட்டணமும் மறைப்பில்லாமல் இருக்கிறது. 2024 ஏப்ரல் 30இல் வந்த மாற்றத்தின்படி ஸ்பொன்சர் கட்டணம் 85 டொலர், துணையின் விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, கூட்டினால் 1,205. பிள்ளைக்கு 175, பிள்ளைக்கு அந்த 575 கிடையாது. கைவிரல் அடையாளத்துக்கு ஒருவருக்கு 85, குடும்பமாக ஒன்றாகப் போட்டால் உச்சம் 170, 14 வயதுக்குக் கீழ் இலவசம். அதாவது தாயும் 9 வயதுப் பிள்ளையும் என்றால் 1,465. பிள்ளைக்கு 16 வயது என்றால் 1,550. இவை 2024ஆம் ஆண்டுத் தொகைகள்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும் என்பதால் காசு கட்டுகிற அன்று திணைக்களத் தளத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள். பழைய தொகையைக் கட்டினால் விண்ணப்பம் தாமதமாகும். 575ஐப் பிறகும் கட்டலாம், ஆனால் முதலிலேயே கட்டிவிட்டால் இடையில் ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்கும் வேலை மிச்சம்.

போர்ட்டலுக்குள் ஐஎம்எம் 0008 (பொது விண்ணப்பம்), 5669 (பின்னணி விபரம்), 5406 (குடும்ப விபரம்), 5562 (பயண விபரம்) ஆகிய படிவங்களைத் திரையிலேயே நிரப்பலாம். ஐஎம்எம் 1344 (ஸ்பொன்சரின் விண்ணப்பமும் பொறுப்பேற்பும்), 5532 (உறவு விபரம்), 5533 (சரிபார்ப்புப் பட்டியல்) மூன்றையும் பிடிஎஃப் ஆக இறக்கி, நிரப்பி, மறுபடி ஏற்றவேண்டும். முதல் நாளே பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 1344ஐ உலாவியில் திறந்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற ஒரு வரிதான் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது. தொலைபேசியிலும் திறக்காது. கணினியில் சேமித்து, அடோபி ரீடரில் திறக்கவேண்டும். திரையில் நிரப்பும் படிவங்களுக்குக் கையெழுத்து என்பது பெயரைத் தட்டச்சுவதுதான், ஆனால் கடவுச்சீட்டில் இருக்கிற மாதிரியே ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். 1344இல் ஸ்பொன்சரும் துணையும் இருவரும் கையொப்பமிடவேண்டும். ஒருவரின் கையெழுத்து விடுபட்டுப்போய் முழு விண்ணப்பமும் திரும்பிவருவது சாதாரணமாக நடக்கிறது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகள் பலவற்றில் குடும்பப்பெயர் இடம் வெறுமையாக இருக்கும். அப்படியானால் முழுப் பெயரையும் குடும்பப்பெயர் பெட்டியில் போட்டு, மற்றப் பெட்டியை வெறுமையாக விடவேண்டும். தகப்பன் பெயரைப் பிரித்து நீங்களாகக் குடும்பப்பெயர் ஆக்காதீர்கள். இன்னொன்று, பிள்ளையின் பெயரோடு வருவது முதல் தகப்பனின் பெயர். தாயின் கடவுச்சீட்டில் புதுக் கணவரின் பெயர் இருக்கலாம். ஸ்பொன்சருக்கு மூன்றாவது பெயர். நம்மவருக்கு இது இயல்பு. அலுவலருக்கு மூன்று பேரும் உறவில்லாதவர்கள் மாதிரித் தெரியும். தமிழரின் பெயர்முறையை விளக்கி நான்கு வரிக் கடிதம் ஒன்றைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே கோப்பாக இணைத்து ஏற்றுங்கள்.

இனிப் பிள்ளையின் விஷயம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, பெற்றோரில் ஒருவரை விட்டுவிட்டு வருவதானால் ஐஎம்எம் 5604 என்ற சம்மதப் பத்திரம் வேண்டும். கூட வராத தகப்பனோ தாயோ அதில் கையொப்பமிட்டு, தன் அடையாள அட்டைப் பிரதியும் தரவேண்டும். கையெழுத்தை வீட்டில் வைத்துப் போட்டு அனுப்பாமல், சத்தியம் செய்விக்கும் அதிகாரம் உள்ளவர் முன்னால் போடவேண்டும். இந்த ஒரு தாள்தான் கல்யாண அல்பம், வங்கிக் கூற்று எல்லாவற்றையும்விடக் கனமானது. அது இல்லாமல் அனுப்பினால் பின்னால் கடிதம் வரும், நாள் குறிக்கப்படும், அந்த நாளுக்குள் முன்னாள் கணவரைத் தேடி ஓடவேண்டும். மனவருத்தத்தோடு பிரிந்தவர்களிடம் அவசரத்தில் கையெழுத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வேலையை 0008இல் தொடங்காமல் 5604இல் தொடங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு போர்ட்டலில் கணக்குத் திறந்தால் போதும்.

கூட வராத அந்தப் பெற்றோர் இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும். பிள்ளையின் முழுப் பொறுப்பும் தாய்க்கு என்று நீதிமன்றம் கட்டளை இட்டிருந்தால் அந்தக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி. ‘பிள்ளை தாயோடு இருக்கும்’ என்று மட்டும் சொல்லும் விவாகரத்துத் தீர்ப்பு எப்போதும் போதாது. பிள்ளையை நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கூட்டிப்போகும் உரிமை அதில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். போரில் காணாமற்போன தகப்பன்மார் வடக்கு கிழக்கில் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ் இலங்கையில் காணக்கிடையாமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதையும், பிள்ளையின் பொறுப்பைத் தாய்க்குக் கொடுக்கும் நீதிமன்றக் கட்டளையையும், உறவினர் ஒருவரின் சத்தியக்கடதாசியையும் சேர்த்து வைத்தால் அலுவலருக்கு நிலைமை விளங்கும். ‘ஆளில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

கூட வராத பிள்ளைகளையும் படிவத்தில் காட்டியே ஆகவேண்டும். மூத்த மகன் தகப்பனோடு நிற்கிறான், அவனுக்குக் கனடா வேண்டாம் என்றாலும் அவனுடைய பெயரும் போகவேண்டும், அவனும் மருத்துவப் பரிசோதனைக்குப் போகவேண்டும். போகாமல் விட்டால் குடிவரவு ஒழுங்குவிதி 117(9)(டி)யின்படி அந்தப் பிள்ளையைப் பிற்காலத்தில் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்யும் கதவு அடைபடும். இதற்கு 2019 செப்டெம்பரில் ஒரு தற்காலிகச் சலுகை வந்ததுதான். ஆனால் சலுகையை நம்பித் திட்டம் போடாதீர்கள். முன்னைய திருமணத்தை மறைப்பதற்காகப் பிள்ளையையும் மறைக்கச் சொல்லும் ‘அனுபவஸ்தர்கள்’ ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உண்மையை மறைத்தது தெரிந்தால் 5 வருடத் தடை.

வயது எந்த நாளில் பூட்டப்படுகிறது என்பதும் முக்கியம். முழுமையான விண்ணப்பம் திணைக்களத்துக்குக் கிடைக்கும் நாள்தான் அது. பிள்ளைக்கு 21 வயதும் பத்து மாதமும் என்றால், ‘முழுமையான’ என்ற சொல்லில்தான் அவருடைய எதிர்காலம் தொங்குகிறது. ஒரு கையெழுத்துக் குறைந்து விண்ணப்பம் திரும்பிவந்து, திருத்தி அனுப்புவதற்குள் 22 ஆகிவிட்டால் முதல் தடவை அனுப்பிய திகதி உதவாது. இப்படி விளிம்பில் நிற்கும் பிள்ளை இருந்தால் 5533 சரிபார்ப்புப் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துப் பாருங்கள். வயது பூட்டப்பட்டாலும் மணமாகாத நிலை பூட்டப்படுவதில்லை. பிஆர் கிடைக்கும்வரை அவர் திருமணம் செய்யக்கூடாது. 18 வயதான பிள்ளைக்கு 5604 தேவையில்லை, ஆனால் 5669, 5406, பொலிஸ் நற்சான்றிதழ் எல்லாம் அவர் பெயரிலும் வேண்டும்.

மறுமணம் என்பதால் உறவுச் சான்றிலும் சலுகை கிடையாது. இருவருக்கும் முதல் திருமணம், இரண்டு வருடத்துக்கு மேல், ஒன்றாக வாழ்கிறார்கள், இருவருக்கும் பொதுவான பிள்ளை உண்டு என்பவர்களுக்கு 5533 பட்டியலில் ஒரு சுருக்கவழி இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது, நீண்ட வழிதான். புகைப்படம் 20க்கு மேல் வேண்டாம், உரையாடல் பதிவுகள் 10 பக்கத்துக்கு மேல் வேண்டாம். எண்ணூறு பக்க வட்ஸ்அப்பை ஏற்றுவதால் பலனில்லை; மாதத்துக்கு ஒன்றாகத் தெரிந்தெடுங்கள். மறுமணங்களை நம்மவர்கள் பதிவாளர் முன் பத்துப் பேரோடு முடிப்பது வழக்கம். தமிழ்க் கல்யாணம் என்றால் மண்டபமும் முன்னூறு பேரும் என்று நினைக்கிற அலுவலருக்கு அது சந்தேகமாகப் படலாம். ஏன் சிறிதாகச் செய்தோம் என்பதை 5532இல் நேரடியாக எழுதுங்கள். ஸ்பொன்சரும் பிள்ளையும் சேர்ந்து நிற்கிற படங்கள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஸ்பொன்சர் அனுப்பிய காசின் ரசீது ஆகியவற்றைச் சேர்ப்பது பெரிய பலம். பலர் இதை யோசிப்பதேயில்லை.

மற்றப் பத்திரங்களில் அதிகம் பிழைப்பது இலங்கை விவாகரத்துத்தான். மாவட்ட நீதிமன்றம் முதலில் கொடுப்பது தற்காலிகத் தீர்ப்பு. அது இறுதியாக மூன்று மாதம் வேண்டும். முதல் தாளை மட்டும் ஏற்றிவிட்டு இருப்பவர்கள் உண்டு. அதைவிட மோசம், இறுதித் தீர்ப்புக்கு முன்னரே மறுமணத்தைப் பதிந்துகொள்வது. அந்தத் திருமணம் சட்டப்படி செல்லாது, முழு விண்ணப்பமும் அதன்மேல்தான் நிற்கிறது. திகதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கிலம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் குடும்பத்தவர் மொழிபெயர்க்கக்கூடாது. கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் நற்சான்றிதழ் வேண்டும் என்பதால், கட்டாரிலோ துபாயிலோ வேலை செய்தவர்கள் அதை முன்கூட்டியே தேடத் தொடங்கவேண்டும். புகைப்படம் 50க்கு 70 மில்லிமீட்டர், முகம் நாடியிலிருந்து உச்சிவரை 31 முதல் 36. பின்பக்கத்தையும் வருடிப் போடவேண்டும். இலங்கையில் 16 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கடவுச்சீட்டு 3 வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே விண்ணப்பத்தின் நடுவில் அது காலாவதியாகலாம்.

அனுப்பிய பிறகு வரும் மின்னஞ்சல்களைக் குப்பைப் பெட்டியிலும் தேடுங்கள். கைவிரல் அடையாளத்துக்கும் மருத்துவத்துக்கும் 30 நாள்தான் தருகிறார்கள். நிலவரம் பார்க்கும் டிராக்கர் உண்மையில் உதவுகிறது, ஆனால் பல வாரம் அசையாமல் நிற்கும். அது கெட்ட செய்தி அல்ல.

ஆளைப் பிடித்துச் செய்விக்கிறதானால், அவர் வழக்கறிஞரா அல்லது குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவரா என்று பொதுப் பதிவேட்டில் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு, பிரதிநிதியை அறிவிக்கும் படிவமான ஐஎம்எம் 5476இல் தன் பெயரைப் போட மறுப்பவரிடம் கொடுக்காதீர்கள். எல்லாருக்கும் ஆள் தேவையில்லை. மற்றப் பெற்றோர் கையெழுத்துப் போட மறுக்கும்போதும், ஸ்பொன்சர் தானே துணையாகக் கூப்பிடப்பட்டு பிஆர் எடுத்து 5 வருடம் ஆகாதபோதும் (அப்போது புதுத் துணையைக் கூப்பிடவே முடியாது) சட்டம் தெரிந்தவர் வேண்டும்.

1344இல் கையெழுத்துப் போடுமுன் ஒன்றை ஆறுதலாக வாசியுங்கள். துணையின் செலவுக்கு நீங்கள் ஏற்கும் பொறுப்பு 3 வருடம். பிள்ளைக்கு 10 வருடம் அல்லது 25 வயதுவரை, எது முதலோ அது. கியூபெக்கில் கணக்கு வேறு. நாளை மணமுறிவு வந்தாலும் பிள்ளைக்கான அந்தக் கையெழுத்து நிற்கும். பிள்ளை அரச உதவிப் பணம் எடுத்தால் உங்களிடம் கேட்பார்கள். துணை கனடாவிலேயே இருந்தாலும் வெளிநாட்டு வகுப்பில் போடலாம் என்பதையும் யோசியுங்கள். கனடாவுக்குள் இருக்கும் துணைக்கான உள்நாட்டு வகுப்பில் மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வழியில்லை. வெளிநாட்டு வகுப்பில் ஸ்பொன்சருக்கு அந்த உரிமை இருக்கிறது, மறுப்புக் கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் போடவேண்டும்.