ஜப்பானில் மட்டும் வெளியான டெக்னோ: குறுந்தகடா, இசைத்தட்டா, கோப்பா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நாமே தைத்து, தரம் பார்த்து, மடித்து, பெட்டியில் அடுக்கும் சட்டையை நம் ஊர்க் கடையில் வாங்க முடியாது. எந்த நாட்டு ஆர்டரோ அந்த நாட்டுக்குத்தான் போகும். மீந்தது காதர்பேட்டைச் சந்தைக்கு வந்தால் உண்டு. டெக்னோ என்ற மின்னணு நடன இசையைக் கேட்கத் தொடங்கிய பிறகு அங்கும் இதையே பார்த்தேன். அமெரிக்காவின் டெட்ராய்டிலோ இங்கிலாந்திலோ இருக்கும் ஒருவர் ஜப்பான் சந்தைக்கென்று மட்டும் ஒரு டிராக்கைத் தருவார். சில நேரம் முழுத் தொகுப்பையே தருவார்.

காரணம் அங்குள்ள விலை முறை. புத்தகம், செய்தித்தாள் போலவே இசைத்தட்டுக்கும் குறுந்தகடுக்கும் சில்லறை விலையை வெளியீட்டாளரே கட்டிவைக்க ஜப்பானியச் சட்டம் 1953 முதல் இடம் கொடுக்கிறது. அதனால் உள்நாட்டுப் பதிப்பு 2,500 யென் அளவில் நின்றது. அதே தொகுப்பின் வெளிநாட்டுப் பதிப்போ இறக்குமதியாகிக் குறைந்த விலைக்கு வந்தது. உள்நாட்டுப் பதிப்பை வாங்கவைக்க வேறெங்கும் இல்லாத ஒரு டிராக்கைச் சேர்த்தார்கள். ஆட்டெக்கர் என்ற இங்கிலாந்து இருவர் குழுவின் 1995 தொகுப்பான 'ட்ரை ரெபிடே'யின் ஜப்பான் பதிப்பில் 'மெட்ரி' என்று ஒன்று கூடுதலாக இருக்கும். ஏபெக்ஸ் ட்வின் என்ற மின்னணு இசைக் கலைஞரின் 2014 தொகுப்பான 'சைரோ'வுக்கும் அப்படி ஒன்று உண்டு. இந்த இரண்டு பெயர்களின் இசையையும் கறாரான டெக்னோ என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பழக்கம் அந்த வட்டாரம் முழுவதும் இருந்தது. ஜப்பானியர்களே செய்த டெக்னோ தனிக் கதை. சுசுமு யோகோட்டாவின் 'ஆசிட் மவுண்ட் ஃபுஜி'யும் கென் இஷியின் 'ரெஃபரன்ஸ் டு டிஃபரன்ஸ்' தொகுப்பும் 1994இல் சப்லைம் என்ற ஜப்பானிய நிறுவனத்தில் வெளிவந்தவை. அதற்கு முந்தைய ஆண்டே கென் இஷியின் முதல் தொகுப்பு பெல்ஜியத்தில் வந்திருந்தது!

இவற்றைத் தேடி அலைந்த ஆறு ஆண்டுகளில் ஜப்பானியக் குறுந்தகடுகள் பதினொன்று, வைனில் இசைத்தட்டுகள் நான்கு, கணினிக் கோப்புகளாகக் கொஞ்சம் என்று வாங்கியிருக்கிறேன். இனி வாங்குவதென்றால் குறுந்தகடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கோப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கலைஞரே பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் விற்றால் அதைவிட எளிது எதுவும் இல்லை. பணமும் பெரும்பகுதி அவருக்கே போகிறது. ஆனால் ஒரு நாட்டுக்கென்று மட்டும் உரிமம் கொடுக்கப்பட்ட இசை அப்படிக் கிடைப்பது குறைவு. ஜப்பானிய இணையக் கடைகளில் சில அந்த நாட்டுக்கு வெளியே விற்பதே இல்லை. ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் டிராக் நாளை சாம்பல் நிறமாகி, உங்கள் பகுதியில் கிடைக்காது என்கிறது. எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. மனம் வெறுத்துப் போனது.

ஆகவே உண்மையான போட்டி குறுந்தகடுக்கும் வைனிலுக்கும்தான். வைனிலின் அழகை நான் மறுக்கவில்லை. பெரிய அட்டை, கையில் எடுத்தால் தெரியும் கனம், ஊசி இறங்கும் அந்தக் கணம். அன்று குறுந்தகடாக மட்டும் வந்த சில தொகுப்புகள் இப்போது வைனிலாக மறுபதிப்பு காண்கின்றன என்பதும் நல்ல செய்தி. ஆனால் திருப்பூரில் வைனிலைப் பராமரிப்பது எப்படிப்பட்ட வேலை என்று அதை விற்பவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி ஒரு நிட்டிங் கூடம் இருக்கிறது. நூல் ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி பறக்காமல் இருக்காது. சன்னல் கம்பியில், மின்விசிறி இறக்கையில், கொசுவலையில் வெள்ளையாகப் படியும். வைனில் என்பது பிவிசி. உறையிலிருந்து உருவும்போதே அதில் நிலைமின்சாரம் ஏறிவிடும். பஞ்சு இழை பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் ஊசி முனையில் சின்ன உருண்டையாகச் சேர்ந்து, மேல் சுருதிகள் மங்கிப்போகும். டெக்னோவில் ஹைஹாட் என்ற தாளத்தட்டின் ஒலி மங்கினால் பாதி உயிர் போய்விட்டது என்று பொருள். கார்பன் இழைத் தூரிகை வாங்கினேன், நிலைமின்சாரத்தைக் குறைக்கும் உள்ளுறை வாங்கினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை துடைத்தேன்.

இதற்கு மேல் ஆடி வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று எல்லாப் பக்கமும் வீசும்போது செம்மண்ணும் சேர்ந்து வீட்டுக்குள் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் ஊசி முனையை எப்படிக் காப்பது? பஞ்சையாவது துடைத்துவிடலாம், மண் துகள் மேல் ஊசி ஓடினால் இசை பதிந்த பள்ளத்தின் சுவர் தேய்கிறது, அந்தத் தேய்மானம் திரும்பாது. ஐப்பசி மழையில் அட்டை உறைக்குள் பூஞ்சை பிடித்ததையும், சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் ஓரம் சாய்த்து வைத்த ஒரு தட்டு வளைந்துபோனதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறுந்தகடு இந்த ஊருக்குப் பொருந்துகிறது. ஒளிக்கதிர்தான் படிக்கிறது, எதுவும் மேலே உரசுவதில்லை. தூசி இருந்தாலும் தகட்டில் எழுதியிருக்கும் பிழை திருத்தும் முறை சிறு குறைகளைச் சரிக்கட்டிவிடும். கவனிக்க வேண்டியது அச்சிட்ட மேல்பக்கம். 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் கீழே இருக்கிறது. இசை பதிந்த அலுமினியப் பூச்சு மேலே மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் கீறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏற்றுமதிப் பெட்டிகளில் போடும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டை ஒரு மூடிய டப்பாவில் போட்டு, அதற்குள் தகடுகளை அடுக்கியிருக்கிறேன். ஆறு ஆண்டில் ஒன்றும் கெடவில்லை.

கெட்டது பிளேயர்தான். கோவை உக்கடத்தில் பழைய பொருள் கடையில் வாங்கியது, மூன்றாம் ஆண்டில் தகட்டைப் படிக்க மறுத்தது. பழுது பார்ப்பவர் லென்ஸ் மாற்றிக் கொடுத்தார். அந்த லென்ஸ் இன்னும் எத்தனை ஆண்டு கடையில் கிடைக்கும் என்பதுதான் என் ஒரே கவலை. அதனால் வாங்கிய அன்றே தகட்டைக் கணினியில், தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக மாற்றி வைத்துவிடுகிறேன்.

இடையில் நிறுத்தாமல் கேட்பது இன்னொரு விஷயம். டெட்ராய்டின் டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் 1995இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் என்ற கிளப்பில் வாசித்தது 1996இல் தொகுப்பாக வந்தது. அது ஜப்பானோடு நின்றுவிடாமல் வெளியிலும் கிடைத்த தொகுப்பு. இருந்தாலும் உதாரணத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. மூச்சுவிடாமல் ஓடும் அந்த வாசிப்பை இடையில் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

குறுந்தகட்டுக்கு எதிராகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நான் வாங்கியவற்றில் பெரும்பாலானவை பழைய பிரதிகள். அந்தப் பணத்தில் ஒரு யென்கூடக் கலைஞருக்குப் போகாது. அவருடைய வேறு எதுவும் நேரடியாகக் கிடைத்தால் அதைக் கோப்பாக வாங்கிக் கொஞ்சம் மனதை ஆற்றிக்கொள்கிறேன். சுங்க வரியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே அளவு பார்சல்களில் ஒன்றுக்கு வரி வந்தது, ஒன்றுக்கு வரவில்லை. ஒரு பார்சல் ஏழு வாரம் எங்கோ கிடந்து வந்தது. இசைத்தட்டைக் கழுவும் இயந்திரத்தையும் நான் பயன்படுத்தியதில்லை. அது இருந்தால் வைனிலைப் பற்றிய என் புலம்பல் பாதியாகக் குறையலாம். குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தொல்லை இருக்காது, ஈரம் எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வாங்குவதானால் ஜப்பானிய விற்பனையாளரின் தர மதிப்பீட்டை நம்பலாம் என்பது என் அனுபவம். ஜப்பான் ஆர்டருக்கு ஒவ்வொரு உருப்படியையும் உடைந்த ஊசித் துண்டு இருக்கிறதா என்று நீடில் டிடெக்டரில் ஓட்டி அனுப்பியவன் என்பதால் அந்தக் கண்டிப்பு எனக்குப் பழக்கம். 'சிறு கீறல்' என்று எழுதி வந்த தகட்டில் கீறலை நான் விளக்கொளியில் தேடித்தான் கண்டுபிடித்தேன். தகட்டுப் பெட்டியின் முதுகைச் சுற்றி ஓபி என்ற காகிதப் பட்டை இருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் பின்னால் விற்கும்போது விலை நிற்கும். கேட்பதற்காக மட்டும் வாங்குகிறவர் ஓபி இல்லாத பிரதியையே தேடிப் பிடிக்கலாம். மிச்சமாகும் பணம் அனுப்பும் செலவுக்கு ஆகும்.