பில்லில் பவுடர் கோட்டிங், பெயின்டுக்குக் கீழே துரு: குவாட் பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கடற்கரை மணலில் குவாட் பைக் (நான்கு சக்கர பைக்) ஓட்டுபவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் துரு வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பட்டறை எங்கள் வண்டிக்குச் செய்த வேலை இது. பெயர் போடவில்லை. ஏமாற்றும் முறை தெரிந்துவிட்டால் எந்தப் பட்டறையிலும் பிடித்துவிடலாம்.

பில்லில் எழுதியிருந்தது: சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பது), எபாக்சி பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பவுடர் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங் (அடிப்பக்க ரப்பர் பூச்சு), சஸ்பென்ஷன் போல்ட் மாற்றம். வண்டி மறுநாளே பளபளவென்று திரும்பி வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் முனை குழாய்க்குள்ளேயே போனது. பெயின்டுக்குக் கீழே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), பட்டிக்குக் கீழே செதில் செதிலாகத் துரு, அதற்கும் கீழே ஓட்டை.

பவுடர் கோட்டிங் என்றால் பெயின்ட் தூளை அடித்து, சேஸிஸ் மொத்தத்தையும் அடுப்பில் வைத்து ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி சூட்டில் வேக வைக்க வேண்டும். எஞ்சின், ஒயரிங், பெட்ரோல் டேங்க், ரப்பர் புஷ், பேரிங் எதுவும் அதில் இருக்கக்கூடாது. வண்டியை நட்டு நட்டாகக் கழற்றினால்தான் முடியும். கழற்றி, பிளாஸ்ட் செய்து, கோட்டிங் போட்டு, திரும்பப் பூட்டி மறுநாள் கொடுப்பது நடக்காத காரியம். எஞ்சின் மவுன்டிங் போல்ட்டைப் பாருங்கள்: ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் பழைய மண் ஒட்டியிருந்தால் சேஸிஸ் கழற்றப்படவில்லை. எங்கள் வண்டியில் ஒயரிங் கிளிப் மேலேயும் கருப்பு ஸ்ப்ரே பெயின்ட் படிந்திருந்தது. சேஸிஸ் நம்பரையும் பெயின்டால் மூடிவிட்டார்கள்.

பட்டியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும். குழாய் நெடுக நகர்த்தும்போது ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி இருக்கிறது. சேஸிஸ் குழாய் பாரம் தாங்குவது. ஓட்டையைப் பட்டி வைத்து அடைப்பது உயிரோடு விளையாடுவது. அரித்த பகுதியை வெட்டி எடுத்து, உள்ளே ஸ்லீவ் (சிறு குழாய்த் துண்டு) வைத்து வெல்டிங் செய்வது ஒன்றே வழி. வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரையும் எஞ்சின் கன்ட்ரோல் யூனிட் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் விஷ வாயு உண்டாகும்.

அண்டர்பாடி ரப்பர் கோட்டிங்தான் பெரிய கெடுதல். சுத்தமான, காய்ந்த இரும்பில், பிரைமருக்கு மேல் அடித்தால் பாதுகாப்பு தரும். உப்பும் துருவும் இருக்கும்போது மேலே அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே தெரியாமலே இரும்பு கரையும். அதைவிடத் துரு வெளியே தெரிகிற வண்டியே மேல். இன்னும் சில இடங்களில் வேஸ்ட் ஆயிலை அடித்து அனுப்புகிறார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊத வைக்கும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

போல்ட் விஷயம் இன்னும் ஆபத்து. துரு பிடிக்காது என்று சொல்லி ஏ-ஆர்மில் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டிருந்தார்கள். தலையில் ஏ2-70 என்று இருந்தால் அதன் இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல். கழற்றிய போல்ட் 10.9 கிரேடு, அதாவது 1000. சஸ்பென்ஷனில் பழைய போல்ட்டின் தலையில் என்ன எண் இருந்ததோ அதே கிரேடில், ஜிங்க் பூச்சு போட்டதைத்தான் வாங்க வேண்டும். பழைய போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் ஆசிடில் ஊறப் போட்டுச் சுத்தம் செய்யவும் விடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே இறங்கி, பாரம் ஏறும்போது பட்டென்று உடையும்.

சரியான வேலை எப்படி இருக்கும்? முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை எடுக்க வேண்டும். துருக் குழிகளில் உப்பு மிச்சமிருந்தால் எந்த பெயின்டும் நிற்காது. பிறகு பிளாஸ்டிங், அது முடியாவிட்டால் வயர் பிரஷ், பிளாப் டிஸ்க், 80 நம்பர் எமரி. பேரிங் உட்காரும் இடங்களை மூடி வைத்து பிளாஸ்ட் செய்து, குழாய்க்குள் போன மணலைக் காற்றடித்து எடுக்க வேண்டும். கடலோரக் காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை தட்டிவிடும், ஆகவே 4 மணி நேரத்துக்குள் தின்னரால் துடைத்து இரண்டு பாக எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்கக் கூடாது. பனி விழும் விடியற்காலையில் அடித்த பெயின்ட் உரிவதற்கு இதுதான் காரணம்.

ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவின் மேல் தடவும் ரசாயனம்) மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவை மட்டுமே மாற்றும். செதில் துருவின் மேல் தடவினால் மேல் தோல் மட்டும் கருக்கும். அதன்மேல் ஜிங்க் பிரைமர் அடிப்பதும் வீண், ஜிங்க் வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட் போன்ற சின்ன பாகங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற வைத்தால் போதும். எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்து உடனே பிரைமர். அலுமினிய பாகங்களை அதில் போடாதீர்கள்.

குவாட் பைக் சேஸிஸ் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் அரிக்கும். குழாயின் அடியில் உள்ள வடிகால் துளை மணலால் அடைந்தால் கடல் தண்ணீர் உள்ளேயே நிற்கும். எங்கள் பட்டறைக்காரர் அந்தத் துளைகளையும் ரப்பர் கோட்டிங்கால் அடைத்திருந்தார். துளையைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே கழுவிக் காயவைத்து, நீண்ட ட்யூப் முனையால் மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஸ்ப்ரேயை உட்பக்கம் முழுக்கப் பூச வேண்டும். அக்டோபர் மழைக்கு முன் ஆண்டுதோறும் இதைச் செய்யுங்கள்.

கடற்கரைக்குப் போய்வந்த அன்றே, அடியில் உள்ள ஸ்கிட் பிளேட் என்ற காப்புத் தகட்டைக் கழற்றி, மேலே தேங்கிய ஈர மணலை அள்ளிவிட்டு சாதாரண ஹோஸில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பேரிங் சீலுக்குள் உப்புத் தண்ணீரைத் தள்ளிவிடும். டீசல் வாஷ் வேண்டாம். கிரீஸ் நிப்பிளில் பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியே வரும்வரை பம்ப் செய்யுங்கள். ஈரம் காயாமல் கவர் போடாதீர்கள்.

வேலைக்கு விடும்போதே, பிளாஸ்டிங் முடிந்த வெறும் சேஸிஸை நேரில் காட்டிய பிறகுதான் பிரைமர் என்று எழுதி வாங்குங்கள். பாதிப் பணம் அதற்குப் பிறகு. ஏமாந்திருந்தால் பெயின்டைச் சுரண்டும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, பில்லோடு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாடகைக்கு விடும் வண்டி என்றால், அது உங்கள் சுயதொழில் பிழைப்புக்கானது என்பதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் வணிக நோக்கம் என்று காரணம் காட்டித் தள்ளிவிட வாய்ப்புண்டு.