டிராப் டவரா, ஜெயண்ட் வீலா?

பெரிய பார்க்குகளில் நிற்கும் டிராப் டவர், ஆனித் தேரோட்டச் சமயத்தில் நெல்லை டவுன் பொருட்காட்சித் திடலில் சுற்றும் ஜெயண்ட் வீல், இரண்டில் எது பயம்? பார்வைக்கு டவர்தான். கேபிள் மேலே இழுத்துப் போய் உச்சியில் விட்டுவிடும். ஆனால் பல டவர்களில் கீழே பிடித்து நிறுத்துவது காந்தம். கரண்ட் போனாலும் பிடிக்கும்.

டவருக்குக் கெட்ட பெயர் வேறு வழியில் வந்தது. 2007-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் கேபிள் அறுந்து ஒரு சிறுமியின் பாதங்கள் துண்டாயின. அந்த டவர் அப்புறம் ஓடவே இல்லை. 2022-ல் ஒர்லாண்டோவின் 430 அடி டவரில் 14 வயதுப் பையன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்களாம். தோள் தடுப்பு சரியாக இறங்காமலே வண்டி கிளம்பிவிட்டது. 2023-ல் அந்த டவரையும் கழற்றினார்கள்.

வீல் மெதுவாகத்தான் சுற்றும். ஆனால் ஊர் ஊராகக் கழற்றி மாட்டுவது. போல்ட், பின், அடியில் முட்டுக்கொடுத்த கட்டை எல்லாம் ஒவ்வொரு முறையும் புதுசாக. போதாததற்கு நம்ம ஊர் ஆனிக் காற்று! தொட்டி ஆடுவது கீழே நிற்பவருக்கே தெரியும்.

பிள்ளைகளோடு போனால் என் ஓட்டு வீலுக்கு. காற்று அடங்கியிருக்க வேண்டும், தொட்டியின் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். டவரில் தடுப்பு உடம்போடு ஒட்டி உட்காரவில்லையா, இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.