போடிமெட்டு ஏறும் டீசல் ஜீப்காரர்களே, டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஏமாந்தேன்

போடி, தேவாரம், கம்பம் பக்கம் ஃபோர் வீல் ஜீப் வைத்து ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். எனக்குப் போனது பணம் மட்டுமல்ல. இரண்டு மாதம், தினமும் விடியற்காலையில், ஏழு பெண்களைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய வண்டியில் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கிறேன். அதுதான் ஆறவில்லை.

மார்ச்சில் புலியூத்துக்குப் பக்கத்தில் முதல் தடவை தண்ணீர் கொதித்தது. வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பெயர் போட மாட்டேன். மூன்று நாள் கழித்து 9,600 ரூபாய் பில். ரேடியேட்டர் சர்வீஸ், புது தெர்மோஸ்டாட் வால்வு, புது ரேடியேட்டர் மூடி, கூலன்ட் ஆறு லிட்டர் என்று எல்லாம் எழுதியிருந்தது. தெர்மோஸ்டாட் வால்வு என்பது இன்ஜின் சூடேறிய பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் கதவு. பழைய வால்வைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சுண்ணே" என்றார் ஓனர். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஏற்றத்தில் முள் நடுவில்தான் நின்றது. ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். டீசலும் கூடக் குடித்தது. போய்ச் சொன்னேன். "மலைக் குளிருக்கு அப்படித்தாண்ணே இருக்கும். ஏத்தத்துல முள்ளு நடுவுல நிக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் கொண்டு வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் செல்போனில் கூலன்ட் சூடு டிகிரிக் கணக்கில் வருகிறது. மறுநாள் காலை மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும்போது 71. சூடேறிய டீசல் இன்ஜின் 85க்கு மேலே நிற்க வேண்டிய நேரம் அது. ஏற ஏற 88, 97, 104. முள் அசையவில்லை. 109 வந்ததும் ஓரங்கட்டினேன். பானட்டைத் தூக்கினால் மூடி ஓரத்தில் நீராவி கசிகிறது. முள் அப்போதுதான் நடுவைத் தாண்ட ஆரம்பித்திருந்தது.

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் சொல்கிறேன். இன்றைய வண்டிகள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் உள்ளதை உள்ளபடி காட்டாது. ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி கம்பெனியிலேயே அமைத்துவிடுகிறார்கள், ஓட்டுகிறவர் சும்மா சும்மா பயப்படக் கூடாது என்று. முள் எழும்பும்போது காரியம் பாதி கெட்டிருக்கும்.

பூப்பாறையில் வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் என் கண் முன்னாலேயே கழற்றச் சொன்னேன். வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. புதிதும் இல்லை, பழையதும் இல்லை. கூலன்ட் என்று இருந்தது பச்சைச் சாயம் கலந்த குழாய்த் தண்ணீர், துருவும் கலந்திருந்தது. மூடி பழைய மூடி, துடைத்து மாட்டியது, ரப்பர் வெடித்திருந்தது. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்தில் வைத்துப் பார்த்தால் வளைந்திருக்கிறது. ஹெட்டைச் சமப்படுத்தி, கேஸ்கட் மாற்றி முடிக்க 31,000 ரூபாய் ஆனது.

போய்க் கேட்டதற்கு ஓனர் சொன்ன பதில்: "வால்வு இல்லாட்டி தண்ணி நல்லா ஓடும்ணே, உங்க நல்லதுக்குத்தான் எடுத்தோம்." போடாத வால்வுக்குக் காசு வாங்கியது என் நல்லதுக்கா? இந்தப் பேச்சை நம்பாதீர்கள். பல இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். இறக்கத்தில் தேவைக்கு மேல் குளிரும், ஏற்றத்தில் கொதிக்கும். எனக்கு நடந்தது அப்படியே அதுதான்.

மூடி விஷயமும் சின்னதல்ல. நல்ல மூடி ஒரு பார் அளவுக்கு அழுத்தம் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்காவிட்டால், 4,000 அடிக்கு மேலே இருக்கும் மெட்டில் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இப்போது புது வால்வு போட்டபின் ஏற்றத்தில் 90க்கும் 98க்கும் நடுவில் ஓடுகிறது. தோட்டத்துச் சேற்றில் லோ கியரில் ஊரும்போது காற்று கிடைக்காமல் கொஞ்சம் கூடும், நின்றால் இறங்கிவிடும். எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். வளைவுக்கு ஒரு டிகிரி கூடினால் பயமில்லை. ஒரு நிமிடத்தில் ஆறு, ஏழு கூடினால் நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள். ஹோஸ் பைப் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் ஸ்கேனர் காட்டும் எண்ணும் பொய்தான், சென்சாரைத் தொடத் தண்ணீர் இருக்காது. ஆகவே காலையில் கூலன்ட் டேங்க்கில் அளவு பார்க்காமல் கிளம்புவதில்லை.

பில், வால்வு இல்லாமல் காலியாக இருந்த கூட்டின் போட்டோ, பூப்பாறை மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் மூன்றையும் வைத்து தேனி நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி ரேடியேட்டர் சர்வீஸ், புது வால்வு என்று பில் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வாரமே வேறு ஆளிடம் வால்வு உட்காரும் கூட்டைத் திறந்து பாருங்கள்.