நாட்டிலஸை விட்டு இறங்கவே மனசு வரல: ட்வென்ட்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ

ஜூல்ஸ் வெர்ன் எழுதின நாவல், நான் படிச்சது முழு எடிஷன், சுருக்கினது இல்ல. முடிச்ச உடனே ரிவியூ எழுதணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா என் வயசுல சயின்ஸ் பிக்‌ஷன் புடிக்கும்னு சொல்றவங்களே நெறைய பேர் இத "அது பழைய புக்கு"ன்னு தொடாம விட்டுடுறாங்க. பழசுதான், 1869 மார்ச்ல இருந்து 1870 ஜூன் வரைக்கும் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில தொடரா வந்தது, ஆனா சமீபத்துல படிச்ச எந்த ஸ்பேஸ் கதையும் என்னைய இவ்ளோ உள்ள இழுத்துக்கல.

கதை இதான். 1866ல கடல்ல ஏதோ ஒண்ணு சுத்திட்டு இருக்கு, கப்பல்ல மோதி ஓட்டை போடுது, ராட்சத மிருகமா இருக்கும்னு நினைச்சு அத வேட்டையாட ஆபிரகாம் லிங்கன்னு ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் கிளம்புது. அதுல கடல் உயிர்களப் பத்தி ஆராய்ச்சி பண்ற புரொபசர் அரோனாக்ஸ், அவரோட வேலையாள் கோன்செய், ஈட்டி எறியுறதுல கில்லாடியான கனடாக்காரர் நெட் லேண்ட் மூணு பேரும் இருக்காங்க. மோதுற நேரத்துல மூணு பேரும் தண்ணியில விழுந்து, ஏறி நிக்கிற முதுகு மிருகம் இல்ல இரும்புன்னு தெரியவரும்போது செம்மயா இருக்கும். அதுதான் நாட்டிலஸ், கேப்டன் நெமோவோட நீர்மூழ்கி. உள்ள கூட்டிட்டுப் போய் சாப்பாடு போட்டு மரியாதையா பேசி, கடைசியில சொல்றார், இனிமே நீங்க இங்கருந்து வெளிய போகவே முடியாதுன்னு.

இங்கதான் இந்த புக் என்னைய புடிச்சுது. கைதியா மாட்டிக்கிட்ட கதைன்னா எப்ப தப்பிப்பாங்கன்னு தானே நாம காத்துட்டு இருப்போம், இதுல எனக்கு அப்படியே தலைகீழ். நெட் லேண்ட் ஒவ்வொரு தடவ தப்பிக்க பிளான் போடும்போதும் அய்யோ இப்ப வேணாம்டா, இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்னு பதறுச்சு. அரோனாக்ஸுக்கும் அதே நெலமதான். சுதந்திரம் வேணும்னு புத்திக்குத் தெரியுது, ஆனா அந்தப் பெரிய கண்ணாடி ஜன்னல் தொறந்து வெளிச்சத்துல கடல் தெரியும்போது அவர் எல்லாத்தையும் மறந்துடுறார். நெட்டுக்கு ஜன்னலும் வேணாம் மீனும் வேணாம், கறியும் கரையும்தான் வேணும். யார் பக்கம் நியாயம்னு கேட்டா நெட் பக்கம்தான், ஆனா நான் முழு நேரமும் அரோனாக்ஸ் கட்சி.

அந்த சப்மரீன் இவ்ளோ நம்புற மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் வெர்ன் எதையும் மந்திரம் மாதிரி விடல. நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர், ரெண்டு அடுக்கு உடம்பு, தண்ணிய உள்ள விட்டா கீழ போகும், பம்ப் பண்ணி வெளிய தள்ளுனா மேல வரும். எல்லாமே மின்சாரம், அதுக்கு வேண்டிய சோடியத்த கடல் தண்ணியிலருந்தே எடுக்கிறாங்க, அந்தப் பிரிக்கிற வேலைக்கு நிலக்கரி வேணுமே, அதையும் கடலுக்கடியிலருந்தே வெட்டி எடுக்கிறாங்க. சரி, இவ்ளோ பெரிய சாமானத்த யாருக்கும் தெரியாம எப்படிக் கட்டுனார்னு எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு, அடுத்த பக்கத்துலயே பதில்: ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு நாட்டுல, வேற வேற பேருல ஆர்டர் பண்ணி, ஆளில்லாத தீவுக்குக் கொண்டுபோய் சேத்துருக்கார். படிக்கிறவன் எங்க சந்தேகப்படுவான்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. உடுப்பு, இங்க், சர்க்கரை, சுருட்டு வரைக்கும் எல்லாம் கடல்லருந்து வந்ததுதான், அந்த சாப்பாட்டு சீன் ஒண்ணே தனியா படிக்கலாம்.

சப்மரீன்ங்கிற ஐடியாவே வெர்ன் கண்டுபிடிச்சதுன்னு சிலர் சொல்றாங்க, அது சரி இல்ல. பிரான்ஸ்ல ப்ளோஞ்சர்னு ஒரு நீர்மூழ்கிய 1863லயே தண்ணியில எறக்கிட்டாங்க, காத்த அழுத்தி வெச்சு ஓட்டுனது. கடலுக்கடியில நடந்து போறதுக்கு போடுற காத்துப் பெட்டி கூட ரூக்கைரோல், தெனைரூஸ்னு ரெண்டு பேர் நிஜமாவே 1860கள்ல கண்டுபிடிச்ச கருவிதான், கதையிலயே அவங்க பேரு வருது. இருக்கிறத எடுத்து அதுலருந்து ஒரு பத்து படி மேல ஏறிப் பாக்குறார், அதனால எனக்கு வெர்ன் மேல மதிப்பு கூடுச்சே தவிர குறையல.

நமக்குன்னு ஒரு அத்தியாயம் இருக்கு, இத யாரும் எனக்கு முன்னாடி சொல்லல. மன்னார் வளைகுடா! முத்துக் குளிக்கிற இடத்துக்கு நெமோ இவங்கள கூட்டிட்டுப் போறார். மொதல்ல ஒரு ராட்சத சிப்பிக்குள்ள தேங்கா சைசுல ஒரு முத்து, அத எடுக்காம வளரட்டும்னு விட்டு வெச்சிருக்கார். அப்புறம் ஒரு முத்துக் குளிக்கிறவர் தனியா கால்ல கல்ல புடிச்சுக்கிட்டு எறங்கி, சிப்பிய அறுத்து, மூச்சு முட்டி மேல போய், திரும்ப எறங்குறார், இவங்க மறைஞ்சு நின்னு பாத்துட்டே இருக்காங்க. திடீர்னு சுறா. நெமோ கையில வெறும் கத்தியோட பாய்றார், அவரே மாட்டிக்கிற நேரத்துல நெட் ஈட்டியால சுறாவ முடிக்கிறார். காப்பாத்துன அந்த ஏழை மனுஷன் கையில ஒரு பை முத்த குடுத்துட்டு நெமோ வந்துடுறார், ஏன்னு கேட்டா, அடக்கி ஒடுக்கப்பட்டவங்களோட நாட்டு ஆளு அவர், கடைசி மூச்சு வரைக்கும் நானும் அந்த நாட்டுக்காரன்தான்ங்கிற அர்த்தத்துல சொல்றார். மனுஷங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு கடலுக்குள்ள போன ஆளு இத சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

அந்த ஐஸ் சீன பத்தி சொல்லியே ஆகணும். தென் துருவத்துலருந்து திரும்பும்போது மேல கீழ பக்கம் எல்லாம் பனிக்கட்டி அடைச்சுக்குது, உள்ள இருக்கிற காத்து கொஞ்சம் கொஞ்சமா தீருது. ஆளுங்க மாத்தி மாத்தி வெளிய போய் பனிய வெட்டுறாங்க, வெளிய போறவனுக்குத்தான் பெட்டியில நல்ல காத்து இருக்கு, ஆனா ஷிப்ட் முடிஞ்சதும் அந்தப் பெட்டிய தயங்காம அடுத்தவன்கிட்ட குடுத்துடுறான். வெட்ட வெட்ட சுத்தி இருக்கிற தண்ணி உறைஞ்சு நெருக்குது, அதத் தடுக்க கொதிக்கிற தண்ணிய பம்ப் பண்றாங்க. வில்லன்னு யாருமே இல்ல, காத்துதான் இல்ல. நான் படிக்கும்போது நெஜமாவே மூச்ச புடிச்சுட்டு இருந்தேன்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். மீன் லிஸ்ட். கோன்செய் எதப் பாத்தாலும் வகுப்பு, குடும்பம், இனம்னு அடுக்கிட்டே போவார், மொதல்ல சிரிப்பா இருந்துச்சு, அப்புறம் பக்கம் பக்கமா வரும்போது தாவித் தாவித்தான் போனேன், தாவுனா கதை ஒண்ணும் போயிடாது. பேசுற பொம்பள கேரக்டர் ஒண்ணு கூட இல்ல. பாப்புவா தீவு மக்கள காட்டுமிராண்டின்னு எழுதி வெச்சிருக்கிறது படிக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஒடுக்கப்பட்டவங்களுக்காக அழுற அதே புக்குலயா இதுன்னு கோவம் வந்துச்சு.

அறிவியல் தப்புகளும் உண்டு, அது எனக்குப் பெருசா படல. நாட்டிலஸ் 16,000 மீட்டர் ஆழம் வரைக்கும் போகுது, நெசத்துல கடலோட ரொம்ப ஆழமான எடமே கிட்டத்தட்ட 11,000 மீட்டர்தான். தென் துருவத்துக்குக் கடல் வழியாவே போறாங்க, ஆனா அது ஒரு கண்டத்துக்கு நடுவுல, கிலோமீட்டர் கணக்குல தடிமனான பனிக்கு மேல இருக்கு. மனுஷன் அங்க மொதல்ல கால் வெச்சதே 1911ல, வெர்ன் 1905லயே இறந்துட்டார், அவர் எங்க போய் பாக்குறது. அப்புறம் தலைப்புல இருக்கிற இருபதாயிரம் லீக் (பழைய தூர அளவு) ஆழம் இல்ல, சுத்தி வந்த தூரம், கிட்டத்தட்ட 80,000 கிலோமீட்டர். பூமியோட குறுக்களவே 13,000 கிலோமீட்டருக்குள்ளதான்!

கடைசிப் பகுதிய பத்தி கொஞ்சம் சொல்றேன், ஸ்பாய்லர் வேணாம்னா இந்த பாராவ விட்டுடுங்க. ஒரு போர்க்கப்பல் நாட்டிலஸ சுட வருது, எந்த நாட்டுக் கப்பல்னு கூட தெரியாது. நெமோ அத அடியிலருந்து குத்திக் கிழிச்சு மூழ்கடிக்கிறார், உள்ள இருக்கிறவங்க எல்லாரும் தண்ணியில தவிச்சு சாகுறத நின்னு பாக்குறார், அப்புறம் ரூமுக்குப் போய் ஒரு பொண்ணும் ரெண்டு குழந்தைங்களும் இருக்கிற படத்துக்கு முன்னாடி மண்டி போட்டு அழுறார். முத்துக் குளிக்கிறவருக்காக சுறா மேல பாஞ்ச அதே ஆளு. அதுவரைக்கும் தப்பிக்க வேணாம்னு நெனச்சுட்டு இருந்த நான், சீக்கிரம் கிளம்புங்கன்னு மாறிட்டேன், அரோனாக்ஸும் அங்கதான் மாறுறார். நெமோ நல்லவரா கெட்டவரான்னு வெர்ன் தீர்ப்பே சொல்லல, இன்னும் மனசுக்குள்ள ஓடிட்டே இருக்கு. மொதல்ல நெமோவ ரஷ்யாவால குடும்பத்த இழந்த போலந்துக்காரரா எழுதத்தான் வெர்ன் ஆசப்பட்டாராம், பதிப்பாளர் ஹெட்செல் ஒத்துக்கல, அதான் இந்தக் கதையில அவர் எந்த ஊருன்னே தெரியாம போச்சு. எனக்கு அதுவே நல்லதா படுது.

வாங்குறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, எந்த எடிஷன்னு பாத்து எடுங்க. சின்ன பசங்களுக்குன்னு சுருக்குன புக்குங்கள்ல மொதல்ல வெட்டுறதே நாட்டிலஸ் எப்படி வேலை செய்யுதுங்கிற பகுதியத்தான், அது இல்லாட்டி இந்தக் கதையில பாதி உசுரு போச்சு. இங்கிலீஷ்ல 1870கள்ல மெர்சியர் பண்ண பழைய மொழிபெயர்ப்பு இன்னும் நெறைய புக்கா வருது, அதுல கிட்டத்தட்ட கால்வாசி கதையே காணோம், கணக்கும் அங்கங்க தப்பு. எப்.பி. வால்டர் பண்ணது முழுசா இருக்கு, ப்ராஜெக்ட் குட்டன்பர்க்ங்கிற வெப்சைட்ல இலவசமாவே எடுத்துக்கலாம். பத்து பன்னெண்டு வயசுல வேகமா படிக்கிற பசங்களுக்கு தாராளமா குடுக்கலாம், மீன் லிஸ்ட் வந்தா தாவிக்கோன்னு மட்டும் சொல்லிடுங்க. நெமோ யாருன்னு தெரிஞ்சே ஆகணும்னா வெர்னோட தி மிஸ்டீரியஸ் ஐலேண்டுல பதில் இருக்கு, நம்ம நாட்டு வரலாத்தோட நேரடியா சம்பந்தப்பட்ட பதில், ஆனா இத முடிக்காம அத எடுக்காதீங்க, மன்னார் அத்தியாயம் அப்ப வேற மாதிரி ஆயிடும்.