கடதாசியா, மரக்கன்றா, கொக்கா?

தமிழ், சிங்களப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் சமாதான முகாமில் என்ன செய்விக்கலாம் என்று பேசினாலே, காகிதக் கொக்கு மடிக்கலாம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது குழந்தையாக இருந்து, நோய் தீர வேண்டிக் காகிதக் கொக்குகளை மடித்து, 1955இல் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் கதை பிள்ளைகளை உலுக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொக்கு மடிப்பது தனியாள் வேலை. ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், சிங்களப் பிள்ளைகள் ஒரு பக்கம். கதையை மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

உண்மையான போட்டி மரக்கன்று நடுவதற்கும் பழைய கொப்பிகளில் இருந்து கையால் கடதாசி செய்வதற்கும் இடையில்தான். ஓகஸ்ட் விடுமுறையில், இலங்கை மலைநாட்டின் கிழக்குப் பக்கமான ஊவாவில் உள்ள பண்டாரவளையில் நாங்கள் முகாம் நடத்தியபோது கடதாசியை எடுத்தோம். திரும்ப நடத்தினாலும் அதைத்தான் எடுப்பேன்.

மரக்கன்று படத்துக்கு அழகு. சரி, முகாம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு தண்ணீர் ஊற்றுவது யார்? ஓகஸ்டில் ஊவாப் பக்கம் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். தேயிலைத் தோட்டக் காணியில் நடுவதென்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், வேலியில்லாத இடத்தில் நட்டால் மாடும் ஆடும் விடாது. பக்கத்திலேயே குடியிருக்கிற ஓர் ஆசிரியர் பொறுப்பெடுக்கிறார், நடுவதையும் ஒக்டோபர் மழைக்குத் தள்ளிவைக்கலாம் என்றால் என் பேச்சைக் கேட்காமல் தாராளமாக நடுங்கள்.

கடதாசிக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். கம்பி ஊசிகளைக் கழற்றிவிட்டு கொப்பித் தாள்களைக் கிழித்து இரவே ஊறப்போட்டு, காலையில் அரைத்து, அகலமான பேசினில் தண்ணீரோடு கலக்க வேண்டும். மரச்சட்டத்தில் பழைய நுளம்பு வலையை இழுத்து அடித்தால் சல்லடை தயார். அதைக் கூழுக்குள் அமிழ்த்தி மட்டமாகத் தூக்கி, தண்ணீர் வடிந்ததும் துணியில் கவிழ்க்க வேண்டும். சட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்துவிட்டால் தனியாகத் தூக்க முடியாது. ஒரு பக்கம் வெலிமடைச் சிங்களப் பிள்ளை, மறுபக்கம் ஹற்றன் தமிழ்ப் பிள்ளை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்காவிட்டால் கூழெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பாஷை தெரியாவிட்டாலும் கையாலும் கத்தலாலும் சமாளிக்கிறார்கள். சமாதானம் பற்றி நாங்கள் தனியாக வைத்த உரையை விட இது நன்றாகவே வேலை செய்தது என்று நினைக்கிறேன், உரை நிகழ்த்தியவர் கோபிக்கக் கூடாது.

ஆனால் தாள் காய வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்தச் செயற்பாட்டை எடுப்பதா விடுவதா என்பதை முகாம் மலையின் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வருவதால் பண்டாரவளை, பதுளைப் பக்கம் அந்த நேரத்தில் காய்ந்த காற்றுத்தான் அடிக்கும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கிற காற்றும் அதுதான். காலையில் கொடியில் போட்ட தாளைப் பின்னேரம் உரித்தெடுக்கலாம். அதே ஓகஸ்டில் மேற்குப் பக்கத்து ஹற்றனிலோ நுவரெலியாவிலோ செய்தால் மூட்டத்துக்குள் தாள் சொதசொதவென்று கிடந்து பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளைகள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். டிசெம்பர் விடுமுறை என்றால் கதை மாறும், அப்போது வடகீழ்ப் பருவமழையை வாங்குவது ஊவாப் பக்கம்.

மேற்குப் பக்கத்து ஆட்கள் அதற்காக ஒரேயடியாகக் கைவிட வேண்டியதில்லை. கூழை மெல்லிசாகக் கலக்குங்கள், தாள் ரொட்டி மாதிரித் தடித்தால் உள்ளே காயவே காயாது. இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே கல்லேற்றித் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டிவிடலாம், கண்ணாடியில் பட்ட பக்கம் எழுதுவதற்கு வழவழப்பாகவும் வரும். கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

வடித்த தேயிலைச் சக்கையைக் கூழில் தூவினால் மண்ணிறப் புள்ளிகள் அழகாக விழும். மஞ்சளும் போட்டுப் பார்த்தோம், வெயிலில் நிறம் வெளுத்துவிட்டது. கீரை விதை வைத்த தாள்களும் கொஞ்சம் செய்து கொடுத்தனுப்பினோம். அது முளைக்கிறதா என்று கூடவிருந்து பார்த்ததில்லை என்பதால், அதை நம்பி முகாமைத் திட்டமிடச் சொல்ல மாட்டேன்.